மாடு தொடாத இலை

அன்று காலை பங்களாத் தோட்டத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். துரை, துரைசானி, சமையல்கார பியதாச அப்பு, கண்டாக்கையா, பிறகு நான். வேலிக்கு அப்பால் ஒரு செவலைப் பசு தன்பாட்டில் புல் மேய்ந்துகொண்டிருந்தது. அதற்குச் சொந்தக்காரியான வள்ளியம்மா அங்கே இல்லை. அவள் மேல்மலையில் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஐந்து பேரில் பொய் சொன்னவன் நான். என் பொய்க்காகக் கஷ்டப்பட்டவள், அங்கே இல்லாத அவள்.

சொல்லிவிட்டேன்! எழுதினால் என்ன ஆகுமோ என்று எத்தனை நாள் பயந்தேன்... ஒன்றும் ஆகவில்லை. வெளியே தூறல் விழுகிறது. மனைவி அடுப்படியில் ரொட்டி தட்டுகிறாள்.  இவ்வளவுதானா?

நான் அதிகம் படித்தவன் இல்லை. தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுத்துப் பிழையைச் சொல்கிறேன். மற்றப் பிழையைப் பொறுக்கச் சொல்லி உங்களிடம் நான் கேட்கவில்லை.

நுவரெலியாவுக்கு ஏறுகிற பாதையில், தை மாதம் புல்லெல்லாம் உறைபனி வெளுத்துக் கிடக்கிற உயரத்தில் எங்கள் தோட்டம். அங்கே துரை பங்களாவில் பூத்தோட்டக்காரன் நான். மலையில் கத்தி பிடித்துத் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தவனைத் துரைசானிதான் பங்களாவுக்கு எடுத்தாள். நல்ல வேலை. மழையில் நனைந்தால் ஒதுங்கக் கொட்டில் உண்டு. அட்டைக்கடி இல்லை. அதனாலேயே எனக்குப் பயம். இந்த வேலை போய்விட்டால்?

நான் பிறவியிலேயே பயந்த சுபாவம். மழை பெய்தால் வேர் அழுகுமோ என்று பயம். பெய்யாவிட்டால் காயுமோ என்று பயம். துரைசானி கூப்பிட்டால் பயம். இரண்டு நாள் கூப்பிடாவிட்டால் அதைவிடப் பயம்! "இவருக்குப் பயப்பட ஒண்ணும் இல்லன்னா, ஏன் ஒண்ணும் இல்லன்னு பயப்படுவாரு" என்று என் மனைவி நாங்கள் குடியிருக்கிற லயத்து வரிசையில் சொல்லிச் சிரிப்பாள். சிரிக்கட்டும். பயத்தில் செய்த காரியத்தைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

டாப்படில் என்று ஒரு பூ. சீமைப் பூ. நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். மஞ்சளாக, நடுவில் ஒரு சின்னக் கிண்ணம் வைத்ததுபோல் இருக்கும். துரைசானிக்கு அந்தப் பூ என்றால் உயிர். முதலில் பெரிய ஜாதிதான் வரவழைத்தாள். முழங்கால் உயரத்துக்கு வளர்ந்தது. மொட்டுக் கட்டிய வாரமே எங்கள் மலைக்காற்று ஒரே வீச்சில் தண்டை எல்லாம் முறித்துப் போட்டுவிட்டது. அன்று அவள் சாப்பிடவில்லை என்று அப்பு சொன்னான்.

அடுத்த வருஷம் சீமையிலிருந்து படப் புத்தகம் வந்தது. வராந்தாப் படியில் உட்கார்ந்து, என்னையும் பக்கத்தில் நிற்க வைத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். துரைசானி பேசுகிற தமிழ் தோட்டத்துத் தமிழ். எல்லாரையும் நீ என்றுதான் சொல்ல வரும்.

"ராமையா, நீ பாரு. பெருசு காத்துல ஒடையுது. சின்னது காத்துக்குக் கீழ நிக்குது. இந்த வருசம் சின்னது."

சாண் உயரத்துக்கு மேல் போகாதவையாகப் பார்த்துப் பார்த்துக் குறித்தாள். ஒன்று, கவிழ்த்த பாவாடைபோல் விரிகிற பூ. இலை நூல்மாதிரி இருக்கும். ஒன்றுக்கு ஹவேரா என்று பெயர். ஒரே தண்டில் நாலைந்து சின்ன மணிகள் தலைகுனிந்து தொங்கும். பெப்ரவரி கோல்ட் என்று ஒன்று. மற்றதைவிடக் கொஞ்சம் உயரம், ஆனால் முதலில் பூப்பது அதுதான். வெள்ளையில் ஒன்றும் எடுத்தாள். அந்த வெள்ளை எங்கள் மண்ணில் கடைசிவரை முளைக்கவே இல்லை. அதன் பெயர் எனக்கு மறந்துபோயிற்று.

இங்கிலீசுப் பெயர் என் நாக்கில் நிற்காது. அதனால் பாவாடைப்பூ, கொத்துமணி, மாசிப்பூ என்று நானே பெயர் வைத்துக்கொண்டேன். துரைசானி அதைக் கேட்டுச் சிரித்தாள். பிறகு அவளும் அப்படியே சொல்லத் தொடங்கினாள்... பாருங்கள், அப்படி என்னை நம்பியவள்.

ஐப்பசியில் கப்பலில் கிழங்கு வந்தது. பெட்டியைத் திறந்ததும் அப்பு எட்டிப் பார்த்தான். துரைசானியை அவன் நோனா என்பான்.

"அடே, சின்ன வெங்காயம்! நோனா இதுக்கா இவ்வளவு காசு குடுத்தது? கொண்டா மச்சான், சம்பல் போடுவோம்."

"சும்மா இரு அப்பு. தின்னா வாந்தி எடுக்குமாம். நஞ்சு."

"நஞ்சு வாங்கத்தான் சீமைக்குக் கடிதாசி போட்டதா?"

கிழங்கை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்க்கச் சொன்னாள் துரைசானி. கல்லுமாதிரி இருந்தால் நல்லது. அடிப்பாகம் மெத்தென்று அமுங்கினால் அழுகல். தூக்கிப் போட்டுவிட வேண்டும். நல்லதைக் கடதாசிப் பையில் போட்டு, மண்ணெண்ணெயில் ஓடுகிற ஐஸ்பெட்டியில் ஆறு வாரம் வைத்தோம். சீமைக் குளிர் பட்டால்தான் உள்ளே பூ உருவாகுமாம். "எறச்சி வைக்க எடமில்ல, வெங்காயத்துக்குக் குளிரு!" என்று அப்பு ஆறு வாரமும் முணுமுணுத்தான்.

பிறகு நட்டேன். சரிவான பாத்தி. தண்ணீர் ஒரு நிமிஷமும் தேங்கக்கூடாது என்று ஆற்று மணல் சுமந்து வந்து மண்ணோடு கலந்தேன். கிழங்கு எவ்வளவு உயரமோ அதைப்போல் மூன்று பங்கு ஆழத்தில், மூக்கு மேலே பார்க்க வைத்தேன். அந்த இரண்டு மாதமும் நான் பட்ட பாடு! முளைத்ததா இல்லையா என்று விரலை விட்டுத் தோண்டிப் பார்ப்பேன். "நீ தினம் எழுப்பினா அது எப்படித் தூங்கும்?" என்று துரைசானி கையில் தட்டினாள்.

மாசியில் பூத்தது. ஐயோ, அந்தப் பாத்தியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! புல்லில் உறைபனி, அதற்கு நடுவில் சாண் உயரத்தில் மஞ்சள். காற்று அடித்தது. ஒன்றுகூட முறியவில்லை. கிளப்பிலிருந்து துரைமார் எல்லாம் குடும்பத்தோடு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். துரைசானி என்னைக் காட்டி, "ராமையா வளர்த்தது" என்றாள். என் ஆயுளில் ஒரு துரைசானி என் பெயரைச் சொல்லி இன்னொருவருக்குக் காட்டியது அன்றுதான்.

பூ வாடிய பிறகு அவள் கண்டித்துச் சொன்ன ஒன்று உண்டு. "எல மேல கை வைக்காதே. அது தானா காயணும். எலதான் கிழங்குக்குச் சோறு குடுக்குது. எல போனா அடுத்த வருசம் பூ இல்ல. வெளங்குதா?"

விளங்கியது. நன்றாகவே விளங்கியது. சொல்லவில்லை என்றோ, எனக்குப் புரியவில்லை என்றோ இன்றைக்கு நான் சாக்குச் சொன்னால் நம்பாதீர்கள்.

பங்குனிக் கடைசியில் அவள் கொழும்புக்குப் போனாள். கொழும்புக்காரர்கள் வெயிலுக்குப் பயந்து மலையேறி வருகிற சித்திரை சீசனுக்கு விருந்தாளிகளை அழைத்துக்கொண்டு வருவதாக ஏற்பாடு. போன மூன்றாம் நாள் மழை. இலை எல்லாம் தரையோடு படுத்துவிட்டது. நுனி மஞ்சளித்து, சீக்கு வந்ததுபோல் அலங்கோலம்.  விருந்தாளிகள் முன்னால் துரைசானிக்கு அவமானம் ஆகிவிடுமே! "ராமையா வளர்த்தது" என்று இதையா காட்டுவாள்? என்னைத் திரும்ப மலைக்கு அனுப்பிவிட்டால்?

அப்போது என் புத்தி எங்கே போனது தெரியுமா? தேயிலைக்குப் போனது. நாங்கள் தேயிலையில் பிறந்து வளர்ந்தவர்கள். செடி கிழடு தட்டினால் என்ன செய்வோம்? கவ்வாத்து. கத்தியால் ஒரே மட்டமாக வெட்டிவிடுவோம். மொட்டைக் கட்டையாக நிற்கும். மூன்று மாதத்தில் தளதளவென்று துளிர்த்து வரும். வெட்ட வெட்டத்தான் கொழுந்து! இதைத் தவிர ஒரு செடியைப் பற்றி எனக்கு வேறென்ன தெரியும்?

நுனி மஞ்சளித்துவிட்டது, ஆகவே காய்ந்ததாகக் கணக்கு... என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கவ்வாத்துக் கத்தியைத் தீட்டினேன். பாவாடைப்பூ, கொத்துமணி, மாசிப்பூ, எல்லாவற்றையும் தரைமட்டத்துக்கு வெட்டினேன். வெட்டிய இலையைக் கூடையில் வாரி, பங்களாவுக்குக் கீழே குப்பைக்குழியில் கொட்டி, மேலே சாம்பல் தூவினேன். பாத்தி சுத்தமாக இருந்தது. அன்று நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

துரைசானி ஒரு நாள் முந்தியே வந்துவிட்டாள். விருந்தாளிகள் மறுநாள் ரயிலில். காரை விட்டு இறங்கியவள் தொப்பியைக்கூடக் கழற்றாமல் நேரே பாத்திக்குப் போனாள்.

  குந்தி உட்கார்ந்து, வெட்டுப்பட்ட அடித்தண்டு ஒன்றை விரலால் தடவினாள். கார் வந்தும் அவள் உள்ளே வராததால் துரை வந்தார். அவரோடு கணக்குப் புத்தகமும் கையுமாகக் கண்டாக்கையா வந்தார். மலை வேலையை மேற்பார்க்கிறவர், யாழ்ப்பாணத்துக்காரர். அப்பு சமையலறை வாசலில் நின்றான்.

"யார் செஞ்சது?" என்றார் துரை.

 நான் என்று ஒரு சொல்! ஒரு சொல்தான்! அதிகம் போனால் என்ன செய்திருப்பார்கள்? திட்டியிருப்பார்கள். மலைக்கு அனுப்பியிருப்பார்கள். மலையில் ஆயிரம் பேர் பிழைக்கவில்லையா? இதெல்லாம் இப்போது தெரிகிறது. அப்போது தெரிந்தது வேலிக்கு அப்பால் நின்ற செவலைப் பசு ஒன்றுதான்.

"மாடு... மாடு மேஞ்சிருச்சுங்க தொரை. நான் சாப்பாட்டுக்குப் போன நேரம்..."

கண்டாக்கையா குனிந்து ஒரு தண்டைப் பார்த்தார். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, எனக்கு மட்டும் கேட்கிறமாதிரிச் சொன்னார்.

"மாட்டுக்கு இவ்வளவு நேரான பல்லோ?"

அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. துரை முகம் சிவந்து நின்ற நேரத்தில் குறுக்கே பேச அவருக்கென்ன தலையெழுத்து?

"யார் மாடு?"

"வள்ளியம்மாவின்ர மாடு, சேர்" என்றார் கண்டாக்கையா.

"ஒரு கிழமை. ஏழு நாளுக்குள்ள மாடு தோட்டத்தை விட்டுப் போகணும்."

முடிந்தது. மாடு வளர்க்கத் துரை கொடுத்த அனுமதி, துரை எடுத்துவிட்டார்.

வள்ளியம்மா யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் லயத்துக்கு அடுத்த லயம். புருஷன் மரம் விழுந்து செத்துப்போனான். இரண்டு பெண் பிள்ளைகள். அவள் கொழுந்துச் சம்பளம் அரிசிக்கும் மாவுக்கும் சரியாகப் போய்விடும். மற்றதெல்லாம், பிள்ளைகளின் சட்டை, மருந்து, மூத்தவளின் பள்ளிக்கூடப் புத்தகம், எல்லாம் அந்தச் செவலையின் பாலில் ஓடிக்கொண்டிருந்தது. அது எனக்குத் தெரியும். என் சின்ன மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது அந்தப் பாலைத்தான் நாங்களும் வாங்கினோம்.

இதுவரை சொன்னது பயத்தில் வாய் தவறி வந்த பொய் என்று நீங்கள் ஒருவேளை இரங்கலாம். இரங்காதீர்கள். இனிமேல்தான் பெரியது.

மறுநாள் சாயங்காலம் பீலிக்கரையில் கால் கழுவிக்கொண்டிருந்தேன். மலைத்தண்ணீர் விழுகிற இடம். லயத்து ஜனம் எல்லாம் குடத்தோடு வருகிற இடம். வள்ளியம்மா வந்தாள். குடத்தை இறக்கிவிட்டு, மடியிலிருந்து நீளமான பச்சை இலை ஒன்றை எடுத்தாள்.

"அண்ணே, இது அந்தப் பூச்செடி எலதானுங்களே?"

 "எங்க எடுத்தீங்க?"

"வேலியோரம் கெடந்துச்சு. நேத்து இத எங்க செவலைகிட்ட நீட்டிப் பாத்தேன். மோந்துச்சு, மூஞ்சியத் திருப்பிக்கிச்சு. தவிட்டுல பெசைஞ்சு வச்சேன். தவிட்ட நக்கிட்டு எலய அப்படியே வச்சிருக்கு! நீங்க தோட்டக்காரரு. தொரைசானி உங்க பேச்சக் கேப்பாங்க. இந்த எலய மாடு தொடாதுன்னு ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே. ஒரே வார்த்த."

யோசித்துப் பாருங்கள். யார் வாயால் அவள் மாடு போனதோ, அந்த வாயையே தேடி வந்து உதவி கேட்டாள். இதைவிடச் சுலபமான வழி யாருக்குக் கிடைக்கும்? மாட்டின் மேல் பழி இல்லை என்று மட்டும் சொல்லியிருக்கலாம். முள்ளம்பன்றியாக இருக்கும், முயலாக இருக்கும் என்று இன்னொரு பொய்யாவது சொல்லி அவளைக் காப்பாற்றியிருக்கலாம்! காட்டு முயலை யார் தோட்டத்தை விட்டு விரட்டப் போகிறார்கள்?

நான் சொன்னது என்ன தெரியுமா?

"பசி வந்தா எதையும் திங்கும்க்கா."

அவள் என்னைப் பார்த்தாள்.  பிறகு குடத்தைப் பீலியில் வைத்தாள். நிரம்பியதும் இடுப்பில் எடுத்துக்கொண்டு, "சரிங்கண்ணே" என்று போய்விட்டாள்.

அந்த வாரம் முடிவதற்குள் கொட்டகலையிலிருந்து ஒரு வியாபாரி வந்து செவலையைப் பிடித்துக்கொண்டு போனான். கன்றும் பின்னாலேயே போயிற்று. நான் வேண்டுமென்றே பங்களாவின் பின்பக்கம் வேலை பார்த்தேன். இருந்தும் அது கத்திய சத்தம் கேட்டது. மூத்த பெண்ணைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திப் பேர் பதிந்து கொழுந்துக்கு அனுப்பினாள் வள்ளியம்மா. பன்னிரண்டு வயசோ பதின்மூன்றோ. படிப்பு நின்றால் எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை...

அடுத்த மாசியில் பாத்தியில் இலை வந்தது. பூ வரவில்லை. ஒரே ஒரு பூக்கூட இல்லை! துரைசானி சொன்னது அப்படியே பலித்தது. இலை இல்லாமல் கிழங்குக்குள் சோறு சேரவில்லை. குருட்டுச் செடியாக நின்றது. அந்த வருஷம் நான் ஒரு இலையையும் தொடவில்லை. தரையில் விழுந்து, பழுத்து, வைக்கோல் நிறமாகி, தொட்டால் கையோடு வரும்வரை விட்டேன். அதற்கு மறு வருஷம் கொத்துமணி ஏழெட்டுத் தண்டு பூத்தது. பாவாடைப்பூ மூன்றாம் வருஷம்தான். துரைசானி என் தோளில் தட்டி, "மாடு கெடுத்ததை நீ காப்பாத்தினே" என்றாள்.

அந்தப் பாராட்டை நான் வாங்கிக்கொண்டேன். ஆமாம், வாங்கிக்கொண்டேன்!

கண்டாக்கையா மட்டும் என்னை விடவில்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் எதிரே வந்தால், "என்ன காணும் ராமையா, மாடு சுகமோ?" என்பார். சுற்றியிருப்பவர்களுக்கு அது ஏதோ விளையாட்டு. எனக்கு அன்று முழுவதும் சோறு இறங்காது. அவர் மாற்றலாகிப் போன அன்று நான் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைத்தேன். வெட்கக்கேடு! ஒரு மனிதன் கண்ணிலிருந்து மறைந்ததற்குச் சாமிக்கு நன்றி சொன்னேன்.

இப்படியே ஒன்பது வருஷம். துரையும் துரைசானியும் சீமைக்குப் போய்விட்டார்கள். கொழும்புக்காரத் துரை ஒருவர் வந்தார். வள்ளியம்மா மூத்த பெண்ணை நோர்வூட் பக்கத்துத் தோட்டத்தில் கட்டிக்கொடுத்து, தானும் அங்கேயே போய்விட்டாள். எல்லாரும் போய்விட்டார்கள். கிழங்கு மட்டும் மண்ணுக்குள் பெருகிக்கொண்டே இருந்தது. ஒன்று நட்ட இடத்தில் ஆறு, ஏழு.

புதுத் துரை இரண்டு கறவை மாடு வளர்த்தார். ஒரு தை மாதக் காலை, அதில் ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு பூத்தோட்டத்துக்குள் புகுந்துவிட்டது. நான் வந்து பார்க்கும்போது புல்தரை முழுக்க மேய்ந்திருந்தது. ரோசாத் துளிர், அவரைக் கொடி, எல்லாம் போயிற்று. டாப்படில் பாத்தியிலும் இறங்கியிருந்தது. குளம்பு பதிந்திருந்தது. இடையிடையே முளைத்த புல்லை எல்லாம் ஒட்டக் கடித்திருந்தது.

டாப்படில் இலை ஒன்றைக்கூடத் தொடவில்லை.

புல்லை வழித்து எடுத்த மண்ணில், அத்தனை குத்தும் முழுசாக, பச்சையாக, நேராக நின்றது. வள்ளியம்மா பீலிக்கரையில் சொன்னதை ஒரு மாடு வந்து பாத்தி பாத்தியாக எழுதி வைத்துவிட்டுப் போனமாதிரி! அந்தப் பக்கமாய் எத்தனையோ பேர் போனார்கள். யாருக்கும் அது ஒன்றும் சொல்லவில்லை. நான் வரம்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நோர்வூட் பஸ் ஏறினேன்.

வள்ளியம்மா லயத்து வாசலில் முறத்தில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நரைத்திருந்தது. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டாள்.

"அட, பூத்தோட்டக்காரரு! வாங்க, வாங்க. என்ன, மகளுக்குக் கலியாணமா?"

"இல்லக்கா."

"யாரும் செத்துப்போனாங்களா?"

"இல்லக்கா..."

"அப்ப மூஞ்சிய எதுக்கு இப்படி வச்சிருக்கீங்க? ஒக்காருங்க."

உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். கத்தி, கூடை, குப்பைக்குழி, பொய், எல்லாவற்றையும். ஒரே மூச்சில். அவள் கல் பொறுக்குவதை நிறுத்தவில்லை. நான் முடித்ததும் ஒரு கல்லை எடுத்து வாசலில் எறிந்தாள்.

"தெரியும்."

"தெரியுமா?"

"வேலியோரம் கெடந்துச்சுன்னு உங்ககிட்ட சும்மா சொன்னேன். மாட்டுக்குப் புல்லறுக்கப் போனப்ப பங்களாக் குப்பக்குழியில ஒரு கூடை எல, சாம்பலுக்கு அடியில. அத்தனையும் ஒரு மட்டத்துக்கு வெட்டு. எங்க செவலை கத்தி வச்சா தின்னுச்சு?"

"அப்ப ஏன்க்கா யார்கிட்டயும் சொல்லல?"

"சொல்லாம? கண்டாக்கையாகிட்ட கொண்டுபோய்க் காட்டினேன். தொரை சொன்னா சொன்னதுதான், போய் வேலயப் பாருன்னாரு. அதுக்கப்புறம்தான் உங்ககிட்ட வந்தேன், பீலிக்கு. நீங்களாச் சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அரிசியை ஒருதரம் புடைத்துவிட்டு மறுபடி கல் தேடினாள். நான் என்ன செய்வேன்? கீழே உட்கார்ந்துவிட்டேன். "மன்னிச்சிருங்கக்கா" என்றேன்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது" என்றாள். "எங்க செவலைக்கும் கன்னுக்கும் அன்னிக்கு வெல நூத்தி அறுவது. ஏழு நாள்ல விக்கணும்னு தெரிஞ்சு, அந்த யாவாரிப் பாவி தொண்ணூறுக்கு மேல ஒரு சதம் ஏறல. எழுவது ரூவா நட்டம். அதக் குடுங்க."

"அப்ப பாலு? இத்தன வருசத்துப் பாலு?" பைத்தியக்காரன், நானே கேட்டேன்!

"பாலக் கணக்குப் பாத்தா நீங்க செத்தாலும் கட்டி முடிக்கமாட்டீங்க" என்று சொல்லிவிட்டு முதல்முறையாகச் சிரித்தாள். "எழுவது போதும். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க. மூத்தவ கடைக்குப் போயிருக்கா. அவ வாரதுக்கு முந்தி போயிருங்க. அவ என்னய மாதிரி இல்ல."

தேத்தண்ணீர் குடித்தேன். கையிலிருந்த பத்து ரூபாயைக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு என்ன நடந்தது என்று எப்படிச் சொல்வேன்! ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். கண்ணில் தண்ணீர் ஓடியது, ஆனாலும் சிரித்தேன். எழுபது ரூபாய்! ஒன்பது வருஷமாக அது எவ்வளவு பெரியது என்று தெரியாமல்தானே செத்துக்கொண்டிருந்தேன்? அதற்கு ஓரம் இல்லை, அடி இல்லை என்று நினைத்திருந்தேன். எழுபது ரூபாய் என்று அவள் சொல்லிவிட்டாள். அன்றிரவு படுத்ததும் தூங்கினேன். மனைவி பயந்துபோய் என்னைத் தொட்டுப் பார்த்தாளாம்.

சம்பளம் போட்ட ஞாயிறு நோர்வூட் போவேன். இரண்டரை ரூபாய் கொடுப்பேன். அவள் வாங்கிக்கொள்வாள். தேத்தண்ணீர் தருவாள். போன மாதம் அவள் இல்லை; மூத்த பெண்தான் இருந்தாள். யார் என்று தெரிந்துகொண்டு, காசைக் கையில் வாங்காமல் நிலைப்படியில் வைக்கச் சொன்னாள். வைத்தேன். தேத்தண்ணீர் இல்லை. அவள் விரல்களில் கொழுந்துக் கறை... அந்த விரல்கள் புத்தகம் புரட்டியிருக்க வேண்டியவை. அதற்கு வள்ளியம்மா விலை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். தீபாவளி முன்பணம் கையில் இருந்த மாதமும் நான் இரண்டரைதான் கொடுத்தேன். கொடுத்திருக்கலாம், முழுக்கவே கொடுத்து முடித்திருக்கலாம். முடியவில்லை. இந்தக் கணக்கு தீர்ந்துவிட்டால், அவள் விலை சொல்லாமல் விட்டதெல்லாம் எஞ்சி நிற்குமே என்று பயம்! பாருங்கள், இதிலும் பயம்தான் எனக்கு.

ஆனாலும் முன்னைப்போல் இல்லை. சோறு இறங்குகிறது. தூங்குகிறேன். கடனாளி என்று என்னை யாராவது கூப்பிட்டால் திரும்பிப் பார்த்து ஆமாம் என்பேன்.

இதுவரை கொடுத்தது நாற்பத்திரண்டு ரூபாய் ஐம்பது சதம். பாக்கி இருபத்தேழு ரூபாய் ஐம்பது சதம்.